சொந்த லொறி எடுக்குமுன் போட்டுப் பார்க்க ஒரு கணக்கு



நம்ம பிள்ளைகள் பலருக்கு லொறி ஓட்டத் தெரியும். "அப்பா, ஒங்க ஈ.பி.எஃப். காசு வந்ததும் லீசிங்கில ஒரு லொறி எடுப்போம், ஹயர் ஓடிக் கட்டிப்புடலாம்" என்று கேட்கிற வீடுகளும் உண்டு. நல்ல ஆசைதான். ஆனால் அது காலமெல்லாம் கொழுந்து பறித்துச் சேர்த்த பணம். ஆகவே, சொந்த லொறிக்காரர் எப்படிச் சம்பாதிக்கிறார் என்று முதலில் படிப்போம்.

1. ஹயர் எங்கே கிடைக்கும்?

நுவரெலியா, கந்தப்பளை, வெலிமடைப் பக்கத்தில் கரட், லீக்ஸ், கோவா எல்லாம் பின்னேரம் லொறியில் ஏறும். இரவோடு இரவாக ஓடி, விடியுமுன் சந்தையில் இறக்க வேண்டும். ஒரு பகுதி தம்புள்ளைக்குப் போகும். ஒரு பகுதி, 2020இல் திறந்த பேலியகொடை மெனிங் சந்தைக்குப் போகும்.

ஹயர் கொடுப்பவர் மரக்கறி முதலாளி. நேரத்துக்கு வருகிறவனா, மூட்டை குறையாமல் இறக்குகிறவனா என்றுதான் அவர் பார்ப்பார். ஒரே முதலாளியை நம்பியிருந்தால், அவர் கைவிட்ட அன்றைக்கு லொறி வாசலில் நிற்கும். இரண்டு மூன்று பேரோடு பழக்கம் வேண்டும்.

2. திரும்பி வரும்போது என்ன ஏற்றுவது?

வெறும் லொறியும் டீசல் குடிக்கும். அதனால் கடைச் சாமான், அரிசி, மாட்டுத் தீவனம், சீமெந்து என்று ஏதாவது ஏற்றி வருகிறவரே தேறுகிறார். நம்ம டவுன் கடைக்காரர்களிடம் முதல் நாளே கேட்டு வையுங்கள். சந்தை நாட்டாமிமாரிடமும் சொல்லி வையுங்கள். தரகர் மூலம் கிடைத்தால், அவருடைய கொமிஷனை ஏற்றுவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

3. கணக்கு

இது உதாரணக் கணக்கு. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.

ஒரு நடை கூலி 40,000 ரூபா. போய்வர டீசல் 50 லீற்றர், லீற்றர் 300 ரூபாப்படி 15,000. உதவியாளுக்கு 3,000. சாப்பாடு, சில்லறைச் செலவு 2,000. டயர், ஒயில், ரிப்பேருக்கு ஒதுக்க 5,000. மிச்சம் 15,000.

மாதம் 8 நடை என்றால் 120,000. லீசிங் தவணை 85,000 போனால் 35,000. காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரத்துக்கு மாதம் 7,000 ஒதுக்கினால் கையில் 28,000. இரவெல்லாம் கண் விழித்ததற்குச் சம்பளம் அவ்வளவுதான்.

8 நடையில் 4 நடைக்குத் திரும்பும் சுமை கிடைத்து, மேலதிகச் செலவு போகத் தலா 12,000 மிஞ்சினால், இன்னும் 48,000 சேரும். அப்போது 76,000.

மழைக்காலத்தில் மரக்கறி குறைந்து 5 நடைதான் என்றால்? 75,000. தவணைக்கே காணாது.

டீசல் விலையையும் மறக்கக் கூடாது. 2022 ஜனவரியில் லீற்றர் 121 ரூபா. அதே வருஷம் ஜூன் கடைசியில் 460. 50 லீற்றருக்கு 6,050 கொடுத்தவர் 23,000 கொடுக்க வேண்டி வந்தது. ஆகவே முதலாளியோடு கூலி பேசும்போதே, "டீசல் கூடினால் கூலியும் கூடணும், ஐயா" என்று பேசி வையுங்கள்.

4. லொறி யாருடையது?

லீசிங் முடியும் வரை புத்தகத்தில் பூரண உரிமையாளர் கம்பனிதான். தவணை தவறினால் லொறியை எடுத்துக்கொண்டு போவார்கள். போட்ட முற்பணம் திரும்பக் கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. ஆகவே மூன்று மாதத் தவணைப் பணம் தனியாக பேங்கில் இல்லாமல் லொறி எடுக்க வேண்டாம். ஒப்பந்தத்தை வாசித்து விளங்காமல் கையெழுத்துப் போடவும் வேண்டாம். தமிழில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள்.

5. உயிர்

சுமையோடு போகும் பாதையில் இறக்கம் அதிகம். றம்பொடையிலோ கினிகத்தேனையிலோ நியூட்ரலில் உருட்டினால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். சின்ன கியரில் இறங்குங்கள். தூக்கம் வந்தால் ஓரங்கட்டுங்கள். ஒரு ஹயர் போனால் இன்னொன்று வரும்.

வீட்டில் கலந்து பேச:

* மாதம் எத்தனை நடை நிச்சயம் கிடைக்கும்? யார் தருவார்?
* திரும்பும் சுமை எங்கே?
* இரண்டு மாதம் ஹயர் இல்லாவிட்டால் தவணை யார் கட்டுவது?

மூன்றுக்கும் பதில் இருந்தால் துணிந்து இறங்கலாம். இல்லையென்றால், இன்னொருவர் லொறியில் ஒரு வருஷம் சம்பளத்துக்கு ஓடி, முதலாளிமாரையும் பாதையையும் பழகட்டும். அம்மா அப்பாவின் பணம் அதுவரை பேங்கிலேயே இருக்கட்டும்.