மேலுரம்: நடுப்பருவத்தில் செடிக்கு ஊட்டும் உணவு



பங்சார் என்றதும் உயர்ந்த மாடிவீடுகளும் கடைத்தெருக்களும் இன்று நம் நினைவிற்கு வருகின்றன. ஒரு காலத்தில் அதுவும் ரப்பர்த் தோட்டமாகவே இருந்தது. புங்கே, கிரிசார் என்னும் ஐரோப்பிய வணிகர் இருவரின் பெயர்கள் இணைந்தே பங்சார் என்றாயிற்று என்பர். அவ்விடத்து மேட்டுச் சரிவில், உயர்மின்னழுத்தக் கம்பிகள் செல்லும் நிலத்தில், 2017ஆம் ஆண்டில் 'கெபுன்-கெபுன் பங்சார்' என்னும் சமூகத் தோட்டம் தொடங்கப் பெற்றது. நகரத்தாரே மண்வெட்டி ஏந்தும்போது, லயத்து வீட்டின் பின்புறம் சிறிது நிலமேனும் உடைய நாம் வாளாவிருத்தல் தகுமோ? 1974ஆம் ஆண்டில் துன் அப்துல் ரசாக் அவர்களின் அரசு தொடங்கிய பச்சைப் புத்தகத் திட்டமும் வீட்டருகே காய்கறி பயிரிடுமாறு மக்களை ஊக்குவித்ததன்றோ?

விதைப்பது எளிது. நட்ட செடியை நடுப்பருவத்தில் காப்பதே அரிது. இதனை நாம் ஒரு பிழையின் வாயிலாகவே கற்றோம்.

நம் பள்ளிப் பாத்தியில் அடியுரமாக மக்கிய ஆட்டெருவை இட்டுக் கத்தரி நட்டோம். ஐந்து வாரம் வரை செடிகள் செழித்து நின்றன. பின்னர்ப் பெருமழை தொடர்ந்தது. அடி இலைகள் மஞ்சளாயின, பூக்கள் உதிர்ந்தன. இதனைக் கண்டு மனம் வருந்திய ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், செடிக்கு ஒரு கைப்பிடி வீதம் யூரியாவைத் தண்டின் அடியிலேயே இட்டான். சில நாள்களில் பாத்தி முழுவதும் கருகிற்று. அவன் அழுதான். பிழை அவனுடையதன்று. உரம் இடுக என்று கற்பித்த நாம், எப்போது, எவ்வளவு, எங்கே என்று கற்பிக்கவில்லை. அக்குறையை நீக்கவே இப்பாடம்.

மேலுரம் ஏன் வேண்டும்?

நடுவதற்கு முன் மண்ணிற் கலப்பது அடியுரம். வளரும் பருவத்தில் இடுவது மேலுரம். கோலாலம்பூர் வட்டாரத்தில் ஆண்டுதோறும் 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. நீரில் எளிதிற் கரையும் தழைச்சத்தை இம்மழை வேருக்கு எட்டாத ஆழத்திற்குக் கொண்டுசெல்கிறது. செடிக்கோ பூத்துக் காய்க்கும் அவ்வேளையில்தான் பசி மிகுதி. தழைச்சத்துக் குறைந்தால், செடி முதிய இலையிலுள்ள சத்தை எடுத்துக் குருத்திற்கு அனுப்பும். தாய் தன் பங்கைப் பிள்ளைக்கு ஊட்டுவது போன்றதே இது. ஆகவே அடி இலை மஞ்சளாதல், செடி நம்மிடம் கேட்கும் முதற்குரல். முதிய இலையின் ஓரம் பழுப்பாகிக் காய்ந்தால், அது பெரும்பாலும் சாம்பல் சத்துக் குறைவின் அடையாளமாகும்.

எப்போது இடுவது?

1. சாவி முதலிய கீரைகளுக்கு: நாற்று நட்ட 10 முதல் 14 நாள்களுக்குள் ஒருமுறை.

2. வெண்டை, கத்தரி, மிளகாய்க்கு: முதற்பூ தோன்றும்போது ஒருமுறை, பின்னர்க் காய்ப்பு முடியும் வரை மூன்று வாரத்திற்கு ஒருமுறை.

3. வெள்ளரி, பாகல், புடலைக்கு: கொடி ஓடத் தொடங்கும்போதும், பிஞ்சு விடும்போதும்.

4. பயற்றங்காய்க்கு: தழைச்சத்து மிகுதியாக வேண்டுவதில்லை. அதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருகின்றன. அளவுக்கு மேல் யூரியா இட்டால் கொடி தழைக்கும், காய் குறையும்.

எவ்வளவு? எங்கே?

தோட்டத் தொழிலாளர்க்கு இது புதிதன்று. செம்பனைக்கு உரம் இடுவோர் அதனைத் தண்டின் அடியிற் குவிப்பதில்லை. மரத்தைச் சுற்றி வட்டமாகவே தூவுவர். உணவை உறிஞ்சும் இளவேர்கள் தண்டிற்கு அப்பால் பரவியிருப்பதே காரணம். காய்கறிச் செடிக்கும் அவ்வாறே. இலைகளின் நுனி நிழல் விழும் இடத்தில் விரல் ஆழத்திற்கு வட்டமாகக் கீறி, 15:15:15 கலப்புரம் ஒரு தேக்கரண்டி தூவி, மண்ணால் மூடி நீர் ஊற்றுக. காய்ந்த மண்ணில் இடலாகாது. பெருமழைக்கு முன்னும் இடலாகாது. களையை முதலில் நீக்குக. இல்லையேல் நம் உரத்தைக் களையே உண்ணும்.

யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து உள்ளது. ஆதலின் 5 லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி கரைத்து வேர்ப்பகுதியில் ஊற்றினாலே போதும். மிகுந்தால் என்ன நேரும்? வெள்ளரித் துண்டில் உப்பைத் தூவிப் பாருங்கள். நீர் வெளியேறித் துண்டு துவளும். மிகையான உரமும் வேரிலுள்ள நீரை அவ்வாறே வெளியே இழுக்கும். நம் கத்தரிச் செடிகள் கருகியது இதனாலேயே.

செலவின்றிக் கிடைப்பவை

நன்கு மக்கிய ஆட்டெரு, மாட்டெரு, சமையலறைக் கழிவு மட்கு ஆகியவற்றைச் செடிக்கு இரு கைப்பிடி வீதம் இடலாம். புதிய கோழி எரு சூடு மிக்கது; மக்கிய பின்னரே ஆகும். விறகுச் சாம்பலில் சாம்பல் சத்து உண்டு; சிறிதளவு தூவலாம். ஆனால் யூரியாவுடன் சேர்த்து இடலாகாது. தழைச்சத்து ஆவியாகிப் போய்விடும். ஆலையிலிருந்து வரும் வெறும் செம்பனைக் குலைகளும் சாம்பல் சத்து உடையவை. அவற்றை மூடாக்காகப் பரப்பினால் ஈரமும் நிலைக்கும்.

மீண்டும் கத்தரி நட்டபோது, கருகிய பாத்தியின் பொறுப்பை அதே மாணவனிடமே ஒப்படைத்தோம். அவன் உரம் இட்ட நாளையும் அளவையும் குறிப்பேட்டில் எழுதி வந்தான். முதல் அறுவடையில் ஒரு பை கத்தரிக்காயைத் தன் தாயிடம் கொண்டு சேர்த்தான். அன்று அவன் முகத்திற் கண்ட மகிழ்ச்சியை நாம் மறக்கவியலாது.

பெற்றோர்களே! பிள்ளையை முதலாம் ஆண்டிற் சேர்ப்பது அடியுரம். நடு ஆண்டுகளில் அவன் குறிப்பேட்டைப் புரட்டி, "இன்று என்ன படித்தாய்?" என்று அன்புடன் வினவுவது மேலுரம். அதுவும் சிறிது சிறிதாக, தக்க காலத்தில் இருத்தல் வேண்டும். முகம் வாடிய பின் ஒரே நாளில் கொட்டுவதனால் பயன் இல்லை.

மாணவர்க்குப் பயிற்சி: உம் வீட்டுச் செடி ஒன்றின் அடி இலையை வாரம் ஒருமுறை உற்று நோக்கி, அதன் நிறத்தைக் குறிப்பேட்டில் எழுதி வருக.