வரப்பில் வழுக்கினால்: சுளுக்கா, எலும்பு முறிவா?

சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோயில் பகுதி விவசாயிகளுக்கு ஐப்பசி, கார்த்திகை மழையில் வரப்பு வழுக்குவது புதிதன்று. பாதம் சேற்றில் புதைந்து நிற்க, உடம்பு மட்டும் திரும்பி விழும்போது கணுக்கால் முறுக்கிக்கொள்கிறது. "சுளுக்குத்தான்" என்று எண்ணெய் தேய்த்து நீவிவிட்டு, மறுநாளே வயலில் இறங்குவோர் உண்டு. அது முறிவாக இருந்தால் ஆயுள் முழுவதும் நொண்ட நேரிடலாம்.

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள் உள்ளன. உட்புறப் பெரிய எலும்பு உடல் பாரத்தைத் தாங்குகிறது. வெளிப்புற எலும்பு மெல்லியது. இவ்விரண்டையும் கணுக்காலில் தசைநார்கள் பிணைத்துள்ளன. முறுக்கு பலமானால் நார்கள் கிழிந்து, விசை மேலேறி, மெல்லிய எலும்பு முழங்காலுக்குச் சற்றுக் கீழே முறிவதும் உண்டு. வலி கணுக்காலில், முறிவோ மேலே! பிரெஞ்சு அறுவை மருத்துவர் மெசன்னேவ் 1840லேயே இதை விவரித்தார். கணுக்காலை மட்டும் எக்ஸ்ரே எடுத்தால் இது தெரியாமல் போகலாம்.

அறியும் முறை

1. நான்கு அடி எடுத்து வைக்க முடியாமை.
2. கணுக்காலின் இருபுற எலும்பு மேட்டின் பின்விளிம்பிலோ நுனியிலோ அழுத்தினால் வலி.
3. முழங்காலுக்குக் கீழே வெளிப்புறம் அழுத்தினால் வலி.

முதல் இரண்டும் கனடாவின் ஒட்டாவா மருத்துவர்கள் 1992இல் வெளியிட்ட விதிகளில் உள்ளவை. மூன்றில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே அவசியம். மெல்லிய எலும்பு மட்டும் முறிந்தவர் சில சமயம் நடக்கவும் கூடும்; ஏமாந்துவிடக் கூடாது. கால் கோணியிருந்தால் இச்சோதனைகள் வேண்டாம்.

செய்ய வேண்டியவை

காலை நீவவோ, இழுத்து நிமிர்த்தவோ கூடாது. துணி சுற்றிய இரண்டு மூங்கில் பிளாச்சுகளை முழங்காலுக்கு மேலிருந்து பாதம் வரை இருபுறமும் வைத்து, துண்டால் அளவாகக் கட்ட வேண்டும். விரல்கள் நீலம் பாரித்தாலோ மரத்தாலோ கட்டைத் தளர்த்த வேண்டும். துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 நிமிடம் வைக்கலாம். காயம் இருந்தால் சுத்தமான துணியால் மூடி, தாமதமின்றிப் புறப்பட வேண்டும். சேறு பட்ட காயம் சீழ் பிடிக்கும். தசைவாத ஜன்னித் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

108க்குத் தகவல் கொடுத்து, கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ, சிதம்பரம் அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ செல்லலாம். முழங்கால் வலியையும் மருத்துவரிடம் மறவாமல் கூறுங்கள். எலும்பு விலகாதிருந்தால் பெரும்பாலும் மாவுக்கட்டு, சுமார் ஆறு வாரம். நார் கிழிந்து மூட்டு விலகியிருந்தால் திருகாணி வைத்து அறுவை செய்ய நேரிடும். மருத்துவர் சொல்லும் வரை காலை ஊன்றக் கூடாது.

ஒரு போகம் ஆள் வைத்துச் சமாளிக்கலாம்; கால் போனால் எல்லாப் போகமும் நட்டமே.