கடை சாத்தி வீடு திரும்பும்போது இடுப்பில் எந்தத் துப்பாக்கி?

கேள்வி: தி.நகர் உஸ்மான் சாலையில் சின்ன நகைக்கடை வைத்திருக்கிறேன். வீடு கோடம்பாக்கம் யுனைடெட் இந்தியா காலனியில். இரவு கடையைச் சாத்திவிட்டு ஸ்கூட்டரில் திரும்புவேன். சில நாள் நகையும் பணமும் கையில் இருக்கும். ஒருமுறை இரண்டு பேர் பைக்கில் வீடு வரை பின்தொடர்ந்தார்கள். போலீசில் புகார் கொடுத்தேன், லைசென்ஸுக்கும் விண்ணப்பித்தேன். இப்போது கிடைத்துவிட்டது. ரொம்பப் பெரிதாகவும் இல்லாமல், பொம்மை மாதிரியும் இல்லாமல், சட்டைக்குள் தெரியாதபடி வைத்துக்கொள்ள எது வாங்கலாம்? ரிவால்வரா, பிஸ்டலா? 9 எம்.எம். வாங்கு என்கிறார் மைத்துனர்.
— ஒரு வாசகர், கோடம்பாக்கம்

பதில்: மைத்துனர் சொன்னதை முதலில் விட்டுவிடுங்கள். 9 எம்.எம். போலீசுக்கும் ராணுவத்துக்கும் உரியது. சாதாரணக் குடிமகனுக்கு நம் நாட்டில் தடை. வெளிநாட்டுத் துப்பாக்கிகளைத் தனியார் இறக்குமதி செய்வதும் 1980-களின் நடுவிலேயே நின்றுபோனது. அமெரிக்காவில் ஒருவர் கடைக்குப் போய் நூறு மாடலைக் கையில் எடுத்துப் பார்த்துத் தேர்வு செய்யலாம். உங்களுக்கு அப்படியில்லை. பெரும்பாலும் .32 போர் (குழல் துளையின் அளவு), அதிலும் நான்கைந்து மாடல்கள்தான்.

கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் பழைய .32 ரிவால்வர்தான் லைசென்ஸ்காரர்களிடம் அதிகம் இருப்பது. ஆறு தோட்டா, மூன்று அங்குலக் குழல், எடை 700 கிராம் அளவு. நீங்கள் கேட்கும் நடுத்தர அளவு இதுதான். அதே கான்பூரில் 2014-இல் வந்த 'நிர்பீக்' 500 கிராம். அறிமுகமானபோது விலை 1,22,360 ரூபாய். 2023-இல் வந்த 'பிரபல்' சுமார் 675 கிராம். இதில் தோட்டா உருளை பக்கவாட்டில் திறக்கும், பழையதில் துப்பாக்கியே நடுவில் மடங்கித் திறக்கும். உத்தரப் பிரதேசம் சண்டிலாவில் தயாராகும் வெப்ளி அண்ட் ஸ்காட் ரிவால்வரும் உண்டு. பிஸ்டல் வேண்டுமென்றால் இஷாப்பூர் தொழிற்சாலையின் 'அஷானி'. .22 போர் 'நிடர்' ரிவால்வர் 250 கிராம்தான், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மறைப்பது சுலபம் என்று அதை எடுக்காதீர்கள். பிடி சிறியதாக இருந்தால் பதற்றத்தில் கை நழுவும். குழல் குட்டையாக இருந்தால் குறியும் எளிதில் தவறும்.

ரிவால்வரா, பிஸ்டலா என்றால் உங்களுக்கு ரிவால்வர் என்பேன். பிஸ்டல் தட்டையானது, சட்டைக்குள் நன்றாக ஒளியும், அது உண்மை. ஆனால் மேல்பகுதியைப் பின்னுக்கு இழுத்து முதல் தோட்டாவை ஏற்ற வேண்டும், சேஃப்டி எந்த நிலையில் இருக்கிறது என்று நினைவிருக்க வேண்டும், ஒரு தோட்டா சிக்கினால் இரண்டு கையாலும் சரிசெய்ய வேண்டும். இதெல்லாம் மாதாமாதம் பயிற்சி செய்கிறவருக்கு. ரிவால்வரில் ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் விசையை மறுபடி அழுத்தினால் போதும், அடுத்தது வந்து நிற்கும். சுத்தியலைப் பின்னுக்கு இழுக்காமல் சுடும்போது விசை கனமாக இருக்கும். அதைக் குறை என்று நினைக்காதீர்கள், தவறுதலாக விரல் பட்டுச் சுட்டுவிடாமல் காப்பது அந்தக் கனம்தான். உருளையின் புடைப்பு இடுப்பில் தெரியுமே என்றால், நம்மூரில் வெளியே விட்ட அரைக்கைச் சட்டை அதை மறைத்துவிடும். நிர்பீக்கின் எடை குறைவு நாள் முழுக்கச் சுமக்க வசதி. நாற்காலியில் உட்கார்ந்து வியாபாரம் செய்கிற உங்களுக்கு அந்த 200 கிராம் பெரிய விஷயமில்லை. கனமான துப்பாக்கி கையில் குறைவாக உதறும்.

மறைத்து வைப்பது உங்கள் விருப்பம் மட்டுமல்ல, சட்டமே அதைத்தான் கேட்கிறது. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி பொது இடத்தில் கைத்துப்பாக்கி அதற்கான உறையிலோ பையிலோ முழுக்க மூடியிருக்க வேண்டும், உங்கள் கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும். வெளியே எடுத்துக் காட்டினாலே லைசென்ஸ் ரத்தாகலாம். பையில் வைக்க விதி இடம் கொடுத்தாலும் நீங்கள் வைக்காதீர்கள். நகைப் பையைப் பறிக்க வருகிறவனுக்குத் துப்பாக்கியையும் சேர்த்துக் கொடுத்ததாகிவிடும். ஸ்கூட்டர் டிக்கி கூடவே கூடாது. விசையை முழுக்க மூடும் நல்ல உறையும் தடித்த பெல்ட்டும் வாங்குங்கள். துப்பாக்கி வாங்கிய மிச்சத்தில் மலிவான உறை வாங்குகிறவர்களைப் பார்த்து நான் வருத்தப்பட்டிருக்கிறேன். சென்னை வியர்வைக்கும் கடற்காற்றுக்கும் இரும்பு சீக்கிரம் துருவேறும். இரவு வீட்டுக்கு வந்ததும் துடைத்து, லேசாக எண்ணெய் விட்டு வையுங்கள். தோல் உறைக்குள்ளேயே போட்டு அலமாரியில் பூட்டினால் ஈரம் உள்ளேயே நின்றுவிடும்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று. அதைச் சொல்லாமல் மாடலை மட்டும் சொன்னால் உங்களுக்குத் துரோகம் செய்தவனாவேன். ஸ்கூட்டரில் வரும்போது உங்கள் இரண்டு கையும் ஹேண்டில்பாரில். பைக்கில் வரும் இருவர் பையை இழுத்துக்கொண்டு போக இரண்டு, மூன்று விநாடி போதும். அதற்குள் வண்டியைச் சமாளித்து, சட்டையைத் தூக்கி, உருவி, குறிபார்க்க யாராலும் ஆகாது. அதற்குப் பிறகு ஓடுகிறவன் முதுகில் சுட்டால் அது தற்காப்பு ஆகாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளைப் படித்துப் பாருங்கள். கொள்ளையில் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்ற நியாயமான அச்சம் இருக்கும் வரை உங்களுக்கு உரிமை உண்டு, அதுவும் தேவையான அளவுக்கு மட்டும். அவன் விட்டு ஓடினால் உரிமையும் அங்கேயே முடிகிறது. உஸ்மான் சாலையிலோ கோடம்பாக்கம் மேம்பாலத்திலோ குறி தவறிய தோட்டா யார் மேல் பாயும் என்றும் யோசியுங்கள். அதனால் நகையைக் கடை லாக்கரிலேயே வைப்பது, கொண்டுபோயே ஆக வேண்டிய நாளில் காரில் ஓர் ஆளோடு போவது, நேரத்தையும் வழியையும் மாற்றுவது, வழியில் தொலைந்தாலும் ஈடு தரும் இன்சூரன்ஸ் எடுப்பது, இவை எல்லாம் துப்பாக்கிக்கு முன்னால் வரவேண்டியவை. துப்பாக்கி உதவக்கூடிய இடம் பூட்டிய வீட்டுக்குள், கடைக்குள், எதிரி வருவது முன்கூட்டியே தெரிந்த நேரத்தில்.

அந்த வீட்டுக்குள்தான் அதன் ஆபத்தும். 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர்.ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டார், தன்னையும் சுட்டுக்கொண்டார். இருவரும் பல வருஷம் சேர்ந்து நடித்தவர்கள். அதற்கு முந்தைய மாதம்தான் அவர்கள் நடித்த 'பெற்றால்தான் பிள்ளையா' வெளியாகியிருந்தது. வந்தவர் திருடனல்ல, பேச வந்த சக நடிகர். உயிர் பிழைத்தும் எம்.ஜி.ஆருக்குப் பழைய குரல் திரும்பவில்லை. வாக்குவாதம் நடக்கும் அறையில் கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தால் என்ன ஆகும் என்பதை உங்கள் பேட்டையின் சினிமாக்காரர்களை விட நன்றாக அறிந்தவர்கள் இல்லை. கடையில் கூட்டாளியோடு கணக்குப் பார்க்கும்போதும், வீட்டில் சொத்துப் பேச்சு நடக்கும்போதும் அது இடுப்பில் இருக்கக் கூடாது. பிள்ளைகள் இருக்கும் வீடென்றால் தோட்டா வேறிடம், துப்பாக்கி வேறிடம், சாவி உங்களிடம்.

இன்னொரு நடைமுறை. தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். முடிவு வரும் வரை அது அங்கேதான் இருக்கும். அந்த வாரங்களுக்கும் சேர்த்து உங்கள் பாதுகாப்பைத் திட்டமிடுங்கள்.

வாங்கும் முன் நகரத்து ரைபிள் கிளப்பில் விசாரித்து, .32 ரிவால்வரையும் பிஸ்டலையும் சுட்டுப் பாருங்கள். லைசென்ஸுக்காகச் செய்த பாதுகாப்புப் பயிற்சி போதாது. டீலரிடம் போனதும், துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று நீங்களே திறந்து பார்த்துவிட்டு, விசையை ஒரே கையால் முழுக்க அழுத்த முடிகிறதா என்று கவனியுங்கள். சுத்தியல் பின்னால் நிற்கும் நிலையில் உருளை ஆடினால் வேறொன்று கேளுங்கள். துப்பாக்கியில் பொறித்த எண்ணும் ரசீதில் எழுதிய எண்ணும் ஒன்றா என்று அங்கேயே சரிபாருங்கள். தோட்டாவைப் புதிதாக வாங்குங்கள். லைசென்ஸில் எழுதிய எண்ணிக்கைக்கு மேல் ஒன்றுகூட வேண்டாம், சுட்டதற்குக் கணக்கு வையுங்கள்.