சதை டெஸ்டில் ஒன்றுமில்லை என்று வந்த பிறகு செய்ய வேண்டியவை

போடி பக்கத்துச் சிலமலையில் அறுபதைத் தாண்டிய ஒருவருக்கு பி.எஸ்.ஏ. ரத்த அளவு ஏறியிருக்கிறது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் புராஸ்டேட் சுரப்பியில் சந்தேகமான இடம், பி-ராட்ஸ் என்ற சந்தேக அளவுகோலில் 4 அல்லது 5 என்று வருகிறது. ஊசி போட்டுச் சதை எடுத்தால் புற்றுநோய் இல்லை என்கிறார்கள். வீட்டுக்கே உயிர் வந்துவிடும். ஃபைல் பீரோவுக்குள் போகும், ஆள் ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறிவிடுவார். தயவுசெய்து அந்த ஃபைலை மூடிவிடாதீர்கள். ஸ்கேன் ஒன்று சொல்கிறது, சதை வேறொன்று சொல்கிறது. ஏன் என்று தெரியும்வரை வேலை பாக்கிதான்.

முதலில் உடம்பைக் கவனியுங்கள். சிறுநீரிலும் மலத்திலும் சில நாள், விந்தில் சில வாரம் ரத்தம் தெரிவது வழக்கம்தான். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். கிருமி ரத்தத்தில் கலந்திருக்கலாம். பாராசிட்டமால் போட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பூப்பாறைப் பக்கம் தோட்டத்தில் இருக்கும்போது நடுராத்திரி நடுக்கம் கண்டால் போடிமெட்டு வளைவுகளைக் கடந்துதான் இறங்க வேண்டும். அதனால் சதை எடுத்த வாரம் மலையேற வேண்டாம்.

அடுத்து, காகிதங்கள். எம்.ஆர்.ஐ. படம் உள்ள சி.டி., அதன் ரிப்போர்ட், சதை ரிப்போர்ட் மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சதையின் ஸ்லைடும் மெழுகு பிளாக்கும் லேபில் இருக்கும். வேறு டாக்டர் பார்க்க வேண்டுமென்றால் கேட்டு வாங்கலாம்.

இவற்றோடு போய் டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: ஸ்கேன் காட்டிய இடத்திலேயே ஊசி பட்டதா, அங்கிருந்து மட்டும் எத்தனை துண்டு எடுத்தீர்கள்? ஒரு துண்டு சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும், நூல் போல மெல்லியது. மலவாய் வழியாகப் போகும் ஊசி சுரப்பியின் முன்பகுதியைத் தவறவிடுவதுண்டு. விதைப்பைக்கும் மலவாய்க்கும் இடைப்பட்ட தோல் வழியே போனால் அங்கே எட்டுவது எளிது. ஸ்கேன் காட்டும் இடத்தைக் குறிவைப்பதன் பலன் 2018-இல் வெளியான பிரிசிஷன் ஆய்வில் தெரிந்தது: 500 பேரில், எம்.ஆர்.ஐ. பார்த்துக் குறிவைத்த பிரிவில் 38 சதவீதம் பேருக்கும், பழைய முறையில் 26 சதவீதம் பேருக்கும் கவனிக்க வேண்டிய புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது.

இரண்டாவது கேள்வி: புற்றுநோய் இல்லையென்றால் அந்த இடத்தில் இருப்பது என்ன? அழற்சி, கிரானுலோமா (அழற்சிக் கட்டி) என்று எழுதியிருந்தால் ஸ்கேனின் சந்தேகத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம். காசநோய் உள்ள நம் ஊர்களில், அதனால் வந்த கிரானுலோமாவா என்று அவசியம் விசாரிக்க வேண்டும். சிறுநீர்ப்பைக்குள் பி.சி.ஜி. மருந்து ஏற்றிக்கொண்டவர்களுக்கும் இப்படி வரலாம். 'ஏசாப்' (ASAP) என்று இருந்தால் உறுதியாகச் சொல்ல முடியாத சந்தேகம் என்று பொருள். பெரும்பாலும் மறுபடி சதை எடுக்கச் சொல்வார்கள். வெறும் சாதாரணத் திசு என்றிருந்து, ஸ்கேனில் 5 என்றால் ஊசி குறி தப்பியதா என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். படத்தை அனுபவமுள்ள இன்னொரு ரேடியாலஜிஸ்டிடம் காட்டுங்கள். மறுவாசிப்பில் மதிப்பெண் குறைவதும் உண்டு.

இனி ஒரு கணக்கு. பி.எஸ்.ஏ. அளவைச் சுரப்பியின் கன அளவால் வகுங்கள். பி.எஸ்.ஏ. 9, சுரப்பி 90 மில்லி என்றால் 0.10, சுரப்பி 45 மில்லிதான் என்றால் 0.20. பொதுவாக 0.15-க்கு மேல் போனால் டாக்டர்கள் கூடுதல் கவனம் எடுப்பார்கள். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்த நோய் இருந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். டூட்டாஸ்டெரைடு, ஃபினாஸ்டெரைடு மாத்திரைகள் ஆறு மாதத்தில் பி.எஸ்.ஏ.வைச் சுமார் பாதியாக்கிவிடும். இவற்றைச் சாப்பிடுவதைச் சொல்லாவிட்டால் ரிப்போர்ட்டில் 3 என்று இருப்பது உண்மையில் 6 என்பது டாக்டருக்குத் தெரியாமலே போய்விடும்.

சதை எடுத்த கையோடு பி.எஸ்.ஏ. பார்த்தால் ஏறித்தான் இருக்கும்; ஆறு முதல் எட்டு வாரம் பொறுங்கள். ரத்தக் கசிவு படத்தைக் குழப்பும் என்பதால் மறு எம்.ஆர்.ஐ.க்கும் அந்த இடைவெளி வேண்டும். அதற்குப் பிறகு பி.எஸ்.ஏ.வை மட்டும் கண்காணிப்பதா, ஸ்கேனா, மறுபடி ஊசியா என்பதை மேலே சொன்ன எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மதுரை ராஜாஜி மருத்துவமனைக்குப் போக 2023 ஜூன் முதல் போடியிலிருந்தே ரயில் உண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கொண்டுபோய், எந்தப் பரிசோதனைக்குச் செல்லும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த தேதியை வாங்காமல் வெளியே வராதீர்கள். ஏலக்காய் எடுப்பு மும்முரமாக இருக்கும் வாரத்தில் அது விழுந்தால் சில நாள் முன்னதாக மாற்றித் தரச் சொல்லுங்கள். எடுப்பு முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம்.