டர்போ போய்விட்டது என்று யார் சொன்னது?

தீபாவளி நெருங்க நெருங்க சிவகாசி, சாத்தூர், விருதுநகர் சாலைகளில் வெளியூர் டீசல் கார்களின் ஓட்டம் கூடிவிடும். ஐந்து பேர் உட்கார்ந்து, ஏசி போட்டு, நான்கு வழிச் சாலையில் லாரியை ஓவர்டேக் பண்ண மிதிக்கும்போதுதான் பலருக்கும் விஷயம் தெரிய வருகிறது. வண்டி இழுக்கவில்லை, பின்னால் கரும்புகை, டாஷ்போர்டில் மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு. பட்டறையில் பானட்டைத் திறக்கும் முன்பே தீர்ப்பு வந்துவிடும்: "டர்போ போயிருச்சு சார்."

இந்த ஒரு வாக்கியத்தால் பல்லாயிரம் ரூபாய் போகிறது. மாற்றிய பிறகும் வண்டி பழையபடியே இழுக்காமல் நிற்கும்போது ஏற்படும் வேதனை தனி. அதனால் டர்போவைப் பற்றி நம் ஊரில் உலவும் நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.

"இழுவை குறைஞ்சா டர்போதான் காரணம்"

இல்லை. எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. சுவிட்சர்லாந்து பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி 1905இல் காப்புரிமை பெற்ற அடிப்படை இன்றும் மாறவில்லை. கார் டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல், சிறிய டர்போவில் இரண்டு லட்சம் வரைகூட சுற்றும். ஆனால் வெளிக்காற்று எஞ்சினுக்குப் போய்ச் சேர ஏர் ஃபில்டர், டர்போ, ரப்பர் ஹோஸ், அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், மறுபடி ஹோஸ் என்று நீண்ட பாதை இருக்கிறது. அதில் எங்கே ஓட்டை விழுந்தாலும், எங்கே அடைத்தாலும் இழுவை போகும். டீசல் ஃபில்டர் அடைத்தாலும், புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி விடும் இஜிஆர் வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டாலும், சைலன்சர் பக்கம் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அடைத்தாலும் அதே அறிகுறிதான்.

இன்டர்கூலர் ஹோஸைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நின்ற இடத்தில் ஐடிலில் ஓடும்போது டர்போ அழுத்தம் கிட்டத்தட்ட இல்லை. அப்போது கிழிசல் வாய் திறக்காது. ஹோஸ் நன்றாக இருப்பதுபோலவே தெரியும். மூன்றாவது கியரில் பாரத்தோடு மிதிக்கும்போதுதான் ரப்பர் உப்பி, கிழிசல் விரிந்து, 'புஸ்' என்று காற்று வெளியேறும். இதற்கு ஓர் அடையாளம் உண்டு. கிளாம்ப் ஓரத்திலோ ஹோஸின் அடிவளைவிலோ கறுத்த எண்ணெய்ப் பிசுக்கு படிந்து, அதில் புழுதி ஒட்டியிருக்கும். கரிசல் மண் புழுதி நிறைந்த நம் ஊரில் அது பளிச்சென்றே தெரியும். ஹோஸைக் கழற்றி, கையால் வளைத்து, வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

"ஸ்கேனரே டர்போன்னு சொல்லுதே!"

ஸ்கேனர் அப்படிச் சொல்வதில்லை. அடிக்கடி வரும் பிழைக் குறியீடு பி0299. எஞ்சின் கம்ப்யூட்டர் கேட்ட அளவு காற்றழுத்தம் வரவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். ஏன் வரவில்லை என்று அந்தக் குறியீடு சொல்லாது. குறியீட்டைப் படித்துவிட்டு டர்போவை ஆர்டர் போடுவதைப் பரிசோதனை என்று ஏற்க முடியாது.

ஸ்கேனரில் உண்மையில் பார்க்க வேண்டியது ஓடும்போது வரும் எண்கள். முதலில் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரின் அளவைப் பாருங்கள். அது அப்போது வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும். விருதுநகர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உயரம்தான். ஆகவே 1000 மில்லிபாரை ஒட்டி வரும். கொடைக்கானலில் அதே வண்டி 800ஐ ஒட்டிக் காட்டும். விருதுநகரில் நிற்கும் வண்டி 850 காட்டினால் சென்சாரில் கரி படிந்திருக்கலாம், ஒயரிங் கெட்டிருக்கலாம். கம்ப்யூட்டரே தவறான கணக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த அளவு சரியாக இருந்தால், போக்குவரத்தில்லாத நேரான சாலையில் ஒருவர் ஓட்ட, இன்னொருவர் ஸ்கேனரைப் பார்க்க, கம்ப்யூட்டர் கேட்ட அழுத்தத்தையும் வந்த அழுத்தத்தையும் ஒப்பிட வேண்டும். ஓட்டுகிறவரே ஸ்கேனரையும் பார்ப்பது கூடாது.

அடுத்து ஆக்சுவேட்டர். 1248 சிசி மல்டிஜெட் எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். மாருதி ஸ்விஃப்டிலும் டாடா, ஃபியட் கார்களிலும் வந்த அந்த எஞ்சின் இன்றும் நம் பக்கத்து செகண்ட்ஹேண்ட் சந்தையில் கைமாறிக்கொண்டிருக்கிறது. அதன் 75 குதிரைத்திறன் வகையில் சாதாரண டர்போ; எர்டிகா, சியாஸ் போன்றவற்றில் வந்த 90 குதிரைத்திறன் வகையில் விஜிடி டர்போ. விஜிடி என்றால் புகைச் சக்கரத்தைச் சுற்றி அசையும் தகடுகள் இருக்கும்; அவற்றை அசைப்பதுதான் ஆக்சுவேட்டர். வேக்கத்தில் இயங்கும் விஜிடி வண்டிகளில் எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் ஆக்சுவேட்டர் கம்பி உள்ளே இழுபட வேண்டும், அணைத்ததும் தளர வேண்டும். அசையவே இல்லையென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பென்சில் பருமன்கூட இல்லாத வேக்கம் ஹோஸை. எஞ்சின் சூட்டில் காய்ந்து, முனையில் மயிரிழை போல வெடித்திருக்கும். முனையை வெட்டிவிட்டுத் திரும்ப மாட்டினாலே சில வண்டிகள் சரியாகிவிடும். ஹோஸ் நன்றாக இருந்தால் அதைக் கட்டுப்படுத்தும் சொலினாய்டு வால்வு. அதற்கும் பிறகுதான் டர்போ.

"மெதுவா ஓட்டினா டர்போ நீடிக்கும்"

இது நல்ல எண்ணத்தில் சொல்லப்படும் தவறு. திருத்தங்கலுக்கும் சிவகாசிக்கும் நடுவே மட்டும், நாலு கிலோமீட்டர் ஐந்து கிலோமீட்டர் என்று குறைந்த சுற்றில் ஓடும் வண்டியில் எஞ்சின் முழுச் சூட்டுக்கே வராது. கரி படிகிறது, விஜிடி தகடுகள் ஒட்டிக்கொள்கின்றன. எஞ்சின் நன்றாகச் சூடான பின், வாரத்துக்கு ஒருமுறையாவது மதுரை சாலையில் சட்ட வேகத்துக்குள், கொஞ்சம் கூடுதல் சுற்றில் ஓட்டுவது நல்லது. டர்போவுக்கு உண்மையான எதிரி காலையில் ஸ்டார்ட் செய்த நொடியே ரேஸ் கொடுப்பது. ஆயில் போய்ச் சேரும் முன்பே தண்டு வேகமாகச் சுழல ஆரம்பித்துவிடும்.

"நிறுத்துவதற்கு முன் ஐந்து நிமிடம் ஐடிலில் விடணும்" என்பதும் மிகை. நெடுஞ்சாலையில் விரட்டி வந்து நேராக ஓட்டல் வாசலில் நிறுத்தினால் ஒரு நிமிடம் போதும். ஊருக்குள் ஓட்டி வந்த வண்டிக்கு அதுவும் தேவையில்லை.

"ஹோஸில் ஆயில் இருக்கு, தண்டு ஆடுது, டர்போ அவுட்"

எஞ்சினுக்குள் சேரும் ஆயில் ஆவி டர்போவுக்கு முன்னால்தான் காற்றுப் பாதையில் கலக்கிறது. அதனால் ஹோஸின் உள்ளே லேசான ஈரம் இருப்பது இயல்பு. ஆயில் தேங்கி நிற்பதுதான் கோளாறு. தண்டும் ஆயில் படலத்தின் மேல்தான் மிதக்கிறது. பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இருக்கும். முன்னும் பின்னும் ஆடுவது கையில் தெரிந்தாலோ, சக்கரத்தின் இறகு கூட்டில் உரசிய தடம் இருந்தாலோ டர்போ போய்விட்டது என்று ஒப்புக்கொள்ளலாம். நீலப் புகையும் ஆயில் குறைவதும் சேர்ந்தால் சந்தேகம் வலுக்கும். கரும்புகை மட்டும் வந்தால் காற்று போதவில்லை என்றே முதலில் நினைக்க வேண்டும்.

ஏர் ஃபில்டரைக் கம்ப்ரசரில் ஊதி ஊதி மாட்டுவதை நிறுத்துங்கள். காகிதத்தில் விழும் நுண்ணிய ஓட்டை வழியே போகும் புழுதி, டர்போ இறகின் முனையை அரித்துவிடும்.

"கன்வெர்ட்டரை எடுத்துட்டா பிக்கப் கூடும்"

வேறு எந்த ஊரில் சொன்னாலும் தவறுதான். பட்டாசு ஆலைகள் நிறைந்த சிவகாசிப் பகுதியில் இது ஆபத்து. வண்டியின் மாசுக் கட்டுப்பாட்டு உறுப்பைக் கழற்றுவது சட்டப்படி குற்றம். அதைவிடப் பெரிய விஷயம் தீ. டீசல் புகையோடு கனன்ற கரித்துகள் வெளியே வரலாம். வெடிபொருள், பெட்ரோல் கிடங்குகளுக்குள் நுழையும் வண்டிகளின் சைலன்சரில் தீப்பொறியைத் தடுக்கும் ஸ்பார்க் அரெஸ்டர் மாட்டச் சொல்வது இதனால்தான். கன்வெர்ட்டரையும் கழற்றிவிட்டு, எஞ்சின் கம்ப்யூட்டரை ரீமேப் செய்து கூடுதல் டீசலையும் ஊற்றி, கரும்புகை கக்கிக்கொண்டு ஆலை வாசலில் போய் நிற்பதை யாரும் அனுமதிக்கக் கூடாது. டர்போவிலிருந்து ஆயில் ஒழுகி சூடான மேனிஃபோல்டில் விழும் வண்டியும் அப்படித்தான்; ஆயில் பற்றிக்கொள்ளப் போதுமான சூடு அங்கே இருக்கிறது. பிஎஸ்6 டீசல் கார்களில் உள்ள டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி, தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும்போது 600 டிகிரியை ஒட்டிச் சூடாகும். கோடையில் காய்ந்த புல்லின் மேல் அந்த வண்டியை நிறுத்தாதீர்கள்.

இன்னொன்று ஓட்டுகிற எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தேய்ந்த டர்போ வழியே ஆயில் எஞ்சினுக்குள் போனால், எஞ்சின் அந்த ஆயிலையே எரித்துத் தானாக வேகமெடுக்கும். சாவியைத் திருப்பினாலும் அணையாது. கியர் வண்டி என்றால் பிரேக்கை முழு பலத்தோடு மிதித்து, உச்ச கியரில் போட்டு, கிளட்சை விட்டு எஞ்சினை அடக்குங்கள். முடியாவிட்டால் எல்லோரும் இறங்கி விலகிவிடுங்கள். பானட்டுக்குள் கையை விட வேண்டாம்.

டர்போவை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று முடிவானால், பழையது ஏன் செத்தது என்று கேளுங்கள். ஆயில் வரும் குழாய் அடைத்திருந்தால், அதை மாற்றாமல் போட்ட புது டர்போவும் அதே வழியில் போகும். ஆயில், ஆயில் ஃபில்டர், ஆயில் குழாய், இன்டர்கூலரை இறக்கிக் கழுவியது ஆகிய நான்கும் பில்லில் இருக்கிறதா என்று பாருங்கள். கழற்றிய பழைய டர்போவைக் கேட்டு வாங்கி, உங்கள் கையாலேயே சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.