கொம்பு முற்றும் காலம்: பாறசாலையிலிருந்து எந்தக் காட்டுக்கு?

ஸ்காட்லாந்து மலைமேட்டில் நின்று கழுத்தை நீட்டிக் கத்தும் செம்மானைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, "நம்ம நெய்யாறு காட்டுல இதெல்லாம் பாக்க முடியாதா?" என்று கேட்பவர்கள் பாறசாலை போன்ற எங்கள் எல்லை ஊர்களில் உண்டு. பார்க்கலாம். ஆனால் நெய்யாற்றில் அதற்கு வாய்ப்புக் குறைவு. தொலைக்காட்சி காட்டும் மாதத்தை நம்பிப் போனாலும் ஏமாற்றம்தான்.

அங்கே பகல் குறையக் குறைய எல்லாக் கலைமான்களுக்கும் ஒரே சமயத்தில் இணைசேரும் வேகம் வந்துவிடும். செப்டம்பர் கடைசி, அக்டோபர் என்று சில வாரங்களில் எல்லாம் முடிந்துவிடும். லண்டன்காரர்கள் தேதி குறித்து வைத்துக்கொண்டு ரிச்மண்ட் பூங்காவுக்குப் போவது அதனால்தான். நாம் நிலநடுக்கோட்டுக்கு எட்டே பாகை வடக்கே இருக்கிறோம். ஆடிக்கும் மார்கழிக்கும் நமக்குப் பகல் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் ஒவ்வொரு கலையும், அதாவது ஆண் மானும், தன் தன் கணக்குப்படி கொம்பை உதிர்க்கிறது, வளர்க்கிறது, முற்ற வைக்கிறது. ஒரே புள்ளிமான் கூட்டத்தில் கொம்பே இல்லாத ஆண், பஞ்சுபோன்ற தோல் மூடிய கொம்புடன் ஒன்று, தோல் உரிந்து பளபளக்கும் முற்றிய கொம்புடன் ஒன்று என்று மூன்றையும் சேர்த்துப் பார்க்கலாம். திருவிழாபோல ஒரு நாள் இங்கே கிடையாது. உச்சம் தொடும் மாதங்கள் உண்டு, அவ்வளவுதான்.

ஆகவே இடத்தை அப்புறம் பார்க்கலாம். எந்த மான் வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். நம் கைக்கெட்டிய தூரத்தில் மூன்று. புள்ளிமானுக்குத் தெற்கே இணைசேரும் காலம் கோடை நடுவிலிருந்து ஆடி, ஆவணி வரை. மிளாவுக்குக் குளிர்மாதங்கள். வெளிமானுக்கு ஆண்டு முழுக்க அங்கங்கே நடந்தாலும், பங்குனி, சித்திரையை ஒட்டி ஒரு முறையும் ஆவணி, புரட்டாசியை ஒட்டி ஒரு முறையும் வேகம் கூடும். உயிரியல் கணக்கில் வெளிமான் மான் குடும்பமே இல்லை, இரலை வகை. அதன் முறுக்குக் கொம்பு உதிராது. இருந்தாலும் ஆண்களின் சண்டையைப் பட்டப்பகலில், திறந்த வெளியில், கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் மற்ற இரண்டையும்விட இதுதான் மேல்.

முதலில் பக்கத்துக் காட்டை முடித்துவிடுவோம். நெய்யாறு வனவிலங்குச் சரணாலயம் 1958-இல் அறிவிக்கப்பட்டது, 128 சதுர கிலோமீட்டர். நெய்யாற்றின்கரையிலிருந்து காட்டாக்கடை வழியாகக் காலையில் போய் மத்தியானம் திரும்பிவிடலாம். மிளா இருக்கிறது, கேரள வனக்காவலர் 'ம்லாவு' என்பார். ஆனால் காடு அடர்த்தி. இரண்டு பாகத்துக்கு அப்பால் நிற்பது தெரியாது. அணை நீர் இறங்கும்போது கரையோரம் முளைக்கும் புல்லுக்குத்தான் மிளா வெளியே வரும். கொம்பு முற்றும் ஐப்பசி, கார்த்திகையிலோ வடகிழக்குப் பருவமழை வந்து அணை நிறைந்து கிடக்கும், கரைப்புல் தண்ணீருக்கு அடியில் போய்விடும். வெள்ளறடை, அம்பூரிக்காரர்களுக்கு மலை வாசலிலேயே இருந்தும் இந்தக் காட்சி வாய்ப்பதற்கு இந்த முரண்தான் தடை. படகுச் சவாரிக்குப் போங்கள், மானை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

திருவனந்தபுரம் மிருகக்காட்சிசாலையிலும், தக்கலைக்குப் பக்கம் உதயகிரிக் கோட்டைக்குள் வனத்துறை வைத்திருக்கும் பூங்காவிலும் இருப்பவை அடைப்பு மான்கள். காட்டுக்குப் போகும் முன் பிள்ளைகளுக்குக் கொம்பின் நிலைகளைக் காட்டிக் கொடுக்க உதவும். அதற்குமேல் இல்லை.

முண்டந்துறை வேறு தரம். 1962-இல் புலிக்கென்று சரணாலயமாகி, 1988-இல் களக்காட்டோடு சேர்ந்து தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமானது. நாகர்கோவில், திருநெல்வேலி, அம்பாசமுத்திரம் வழியாகப் பாபநாசம் போனால் மேலே ஏறும் சாலை. இங்கே போவது மிளாவுக்காக. மழை ஓயும் மார்கழிக் கடைசியும் தை மாதமும் என் தேர்வு. கொம்பும் முற்றியிருக்கும், சாலையும் காய்ந்திருக்கும். மிளாக் கலை தனியன். கூட்டத்தை வளைத்துப் பிடிப்பதில்லை. சேற்றில் புரண்டு, தன் மூத்திரத்தைத் தானே மேலே தெளித்துக்கொண்டு, மரப்பட்டையைக் கொம்பால் உரசி, பிடரி மயிர் சிலிர்க்க நடக்கும். மானைக் காணும் முன் அந்த உரசலையும் சேற்றுக் குழியையும் காணப் பழகியவருக்குத்தான் முண்டந்துறை பலன் தரும். விடியலும் அந்தியும்தான் அதன் நேரம். 'டொங்க்' என்று காட்டையே அதிர வைக்கும் ஓசை கேட்டால் இணைக்குரல் என்று மகிழ வேண்டாம். அது அபாயக்குரல், பக்கத்தில் சிறுத்தையோ புலியோ இருக்கலாம். காப்பகத்தை அவ்வப்போது பார்வையாளருக்கு மூடுவார்கள். புறப்படும் முன் அம்பாசமுத்திரம் வனக்கோட்டத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆடி அமாவாசையை ஒட்டிக் காப்பகத்துக்குள் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோயிலில் கூடும் கூட்டத்துக்கு நடுவே மான் தேடுவது வீண்.

மிளாவைத் திறந்த புல்வெளியில் பார்க்க ஆசைப்படுகிறவர், வசதி இருந்தால் இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகலாம். அங்கே மனிதரைப் பார்த்து ஓடாமல் மேயும் மிளாக்கள் உண்டு.

புள்ளிமானுக்கு முதுமலைக்கு ஈடு இல்லை. அங்குள்ள தெப்பக்காடு வரை போவதற்கே ஓர் இரவும் அரைப்பகலும் ஆகும் என்பதுதான் குறை. கோடை மழை விழுந்து புல் துளிர்த்ததும் பெரிய கூட்டங்கள் சாலையோரத்துக்கே வந்துவிடும். கலை கரகரத்த குரலில் கத்தும். பின்னங்கால்களில் எழுந்து நின்று கிளையில் முகத்தைத் தேய்த்து மணத்தை விட்டுப் போகும். புதரைக் குத்திக் கிளறி, கொம்பில் புல்லும் கொடியுமாகச் சூடிக்கொண்டு பிணைகளின் பின்னே சுற்றும். பக்கத்துப் பந்திப்பூரில்தான் 1970-களில் நாங்குநேரிக்காரரான ஏ. ஜே. டி. ஜான்சிங் செந்நாய்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். புள்ளிமான்தான் அவற்றின் முக்கிய இரை. பெண்ணின் மேலேயே கவனமாக இருக்கும் கலைக்குச் செந்நாய் வருவது தெரியாது போவதும் உண்டு. நெடுஞ்சாலையில் வண்டியை நிறுத்தக்கூடாது, வனத்துறை வாகனத்தில் போவதே சரி. சென்னையில் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்காரர்கள் இவ்வளவு தூரம் அலையவே வேண்டாம். 2.7 சதுர கிலோமீட்டர் கிண்டி தேசியப் பூங்காவில் புள்ளிமானும் வெளிமானும் இரண்டும் இருக்கின்றன.

வல்லநாட்டுக்கு வருகிறேன். திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி போகும் சாலையில் அரைமணி நேரம்கூட ஆகாது. 1987-இல் சரணாலயமானது, 16.41 சதுர கிலோமீட்டர்தான். இந்தியாவில் வெளிமான் இயற்கையாக வாழும் தென்கோடி இதுவே. முள்ளும் செம்மண்ணும் பாறையுமான குன்று. பச்சைக் காட்டைப் பார்த்துப் பழகிய நமக்கு முதலில் ஒன்றுமில்லாததுபோல இருக்கும். அந்த வெறுமைதான் லாபம். வளர்ந்த ஆண் மேலே கரும்பழுப்பு, அடியில் வெள்ளை. மங்கிய பழுப்புப் பெண்களுக்கு நடுவே தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும். தனக்கென்று ஒரு நிலத்தைப் பிடித்து, அதே இடத்தில் திரும்பத் திரும்பப் புழுக்கை போட்டுக் குவியலாக்கும். கண்ணோரச் சுரப்பியைக் குச்சியில் தேய்க்கும். பெண் வந்தால் மூக்கை வானத்துக்குத் தூக்கி, கொம்பு முதுகில் படியச் சாய்த்துக்கொண்டு, உறுமியபடி நடை போடும். இன்னொரு ஆண் எல்லையைத் தாண்டினால் கொம்போடு கொம்பு பூட்டிக்கொள்ளும். சூரியன் உதித்து இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். அப்புறம் வெயில் மான்களைப் புதருக்குள் தள்ளிவிடும். அதனால் முந்தின இரவே திருநெல்வேலியில் தங்குவது நல்லது. வனத்துறை அனுமதியை முன்கூட்டியே வாங்குங்கள்.

வெளிமானின் எண்ணிக்கையும் வேண்டும், பரந்த புல்வெளியும் வேண்டும் என்றால் கோடியக்கரை. 1967-இலிருந்து சரணாலயம். கடலோரத் தரையில் கண்ணுக்கெட்டியவரை மறைப்பே கிடையாது. ஆனால் நாகப்பட்டினம் மாவட்டத்தின் கோடி வரை போக வேண்டும்; மழை மாதங்களில் தரை சேறாகிவிடும்.

எங்கே போனாலும் காற்று உங்களிடமிருந்து மான் பக்கம் வீசாத திசையில் நில்லுங்கள். மங்கிய நிற உடை, கையில் ஒரு தொலைநோக்கி போதும். விசிலடித்துக் கூப்பிடுவது, குரலை நடிப்பது, படத்துக்காக நெருங்குவது எதுவும் வேண்டாம். இந்தப் பருவத்தில் கலை பயப்படுவதை மறந்திருக்கும், கொம்பால் குத்தும். தரையில் கிடக்கும் உதிர்ந்த கொம்பையும் வீட்டுக்கு எடுத்து வராதீர்கள், 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

ஒரே ஒரு பயணத்துக்குத்தான் நேரமும் காசும் இருக்கிறது என்றால் ஆவணி, புரட்டாசியில் வல்லநாடு. இரண்டாவதுக்கு வழி இருந்தால் தையில் முண்டந்துறை. புள்ளிமான்தான் வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம் என்றால் பள்ளி விடுமுறை முடிவதற்குள் முதுமலைக்கு டிக்கெட் எடுங்கள்.