முதலில் குறிக்கோள், பிறகு கருவி

நாக்பூரில் நாங்கள் நடத்தும் ஞாயிறு தமிழ் வகுப்புக்கு அன்பர் ஒருவர் ஒரு புரொஜெக்டரும் 2 டேப்லெட்டுகளும் வாங்கிக் கொடுத்தார். "இவற்றைக் கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்? எழுதிக் கொடுங்கள்" என்று செயற்குழுவில் கேட்டார்கள். வகுப்பு எடுப்பவன் என்ற முறையில் நானும் எழுதிக் கொடுத்தேன்: "மாணவர்களுக்கு நவீன முறையில் தமிழ் கற்பித்தல்." அது குறிக்கோளே அல்ல என்று எனக்குப் புரிய ஒரு மாதம் ஆயிற்று.

அந்த மாதம் முழுவதும் திரையில் பாட்டும் படமும் ஓடின. பிள்ளைகள் கை தட்டினார்கள். பெற்றோருக்கும் மகிழ்ச்சி. கடைசி ஞாயிறன்று திரையை அணைத்துவிட்டு, அந்தப் பாட்டுகளில் வந்த 10 சொற்களை நோட்டில் எழுதச் சொன்னேன். 14 பிள்ளைகளில் பாதிச் சொற்களையாவது சரியாக எழுதியவர்கள் 3 பேர்தான். பாட்டு மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம்!

தண்டவாளம் தந்த பாடம்

நான் டிப்ளமா முடித்து, ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் காலம் கழித்தவன். அங்கே ட்ராக் ரெக்கார்டிங் கார் என்று ஒரு வண்டி உண்டு. ஓடிக்கொண்டே பாதையின் அகலத்தையும் மட்டத்தையும் அளந்து வரைபடமாகத் தரும். அகலப்பாதைக்கு நிர்ணயித்த அளவு 1676 மில்லிமீட்டர். அந்த எண் முதலில் தீர்மானமாகி இருப்பதால்தான் வண்டிக்கு வேலை. அது இல்லையென்றால் வண்டி எத்தனை மைல் ஓடினாலும் வெறும் கோடுகள்தாம்.

இன்னொன்று. பாதை எங்கே தாழ்ந்தது என்பதை வண்டி காட்டும். ஏன் தாழ்ந்தது என்பதைக் காட்டாது. அதற்கு டிராலியில் போய் இறங்கி, ஜல்லியைக் கிளறிப் பார்க்க வேண்டும். சேறு ஏறியதா, தண்ணீர் வடியவில்லையா என்பதை ஆள் பார்த்துத்தான் சொல்ல முடியும். வகுப்பறைக்கும் இவ்விரண்டும் பொருந்தும்.

கற்பித்தலுக்குக் கருவி நம் நாட்டுக்குப் புதிதன்று. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக்கு, செயற்கைக்கோள் வழியாக 6 மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்கள் தொலைக்காட்சியில் கல்வி நிகழ்ச்சிகளைப் பார்த்தன. 1984இல் பள்ளிகளுக்கு பி.பி.சி. மைக்ரோ கணினிகள் வந்தன. 2017இல் திக்ஷா தளம் வந்தது. கருவிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஆசிரியர் கேட்க வேண்டிய கேள்வி மட்டும் மாறவில்லை: "கருவியை எடுத்து வைத்த பிறகு, பிள்ளை தானாக என்ன செய்யும்?" இதற்கு விடை எழுத முடிந்தால் அது குறிக்கோள். "காட்டுதல்", "அறிமுகப்படுத்துதல்" என்பவை நம் வேலைகள்; பிள்ளையின் வேலைகள் அல்ல.

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நான் திருத்தி எழுதிய குறிக்கோள்கள் மூன்று.

1. ல, ள, ழ மூன்றையும் பிரித்துச் சொல்லும்

மராத்தி ஊரில் வளரும் நம் பிள்ளைகளுக்கு ளகரம் தெரியும். மராத்தியில் குழந்தையைக் குறிக்கும் "பாள்" என்ற சொல்லில் உள்ளது அதே ஒலிதான். ழகரம்தான் சிக்கல். தலை, தளை, தழை. வலி, வளி, வழி என்று பிள்ளை சொல்ல, டேப்லெட்டில் பதிவு செய்கிறோம். பிறகு அவனே கேட்கிறான். பேசும்போது தெரியாத பிழை கேட்கும்போது தெரிகிறது. அடுத்து, நண்பன் திரும்பி நின்று கேட்டு, எந்தச் சொல் என்று பலகையில் தொட வேண்டும். இந்தத் தேர்வில் டேப்லெட் கிடையாது.

2. கேட்ட சொல்லைப் பிழையின்றிக் கையால் எழுதும்

7ஆம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி, ஊரிலிருக்கும் ஆச்சிக்குக் கைப்பேசியில் செய்தி அனுப்பினாள். ஆங்கில எழுத்துகளில் தட்டி, முதலில் வந்த தமிழ்ச் சொல்லைத் தொட்டுவிட்டாள். "ஆச்சி, பலம் சாப்பிட்டீங்களா?" என்று போய்விட்டது. ஆச்சி சிரித்தார்களாம். பிழை என்ன என்றே இவளுக்குத் தெரியவில்லை. கருவியே சொல்லைத் தேர்ந்தெடுத்தால், பிள்ளை எழுத்தைத் தேர்ந்தெடுக்கப் பழகுவதில்லை.

ஆகவே வகுப்பில் தமிழ்99 விசைப்பலகையை வைத்தோம். 1999இல் வந்த இந்த அமைப்பில் இடப்பக்கம் உயிர், வலப்பக்கம் மெய்வரிசை. க தட்டி எ தட்டினால் கெ வருகிறது. கொம்பு முன்னால் நின்றாலும், காதில் விழும் வரிசைப்படியே விரல் போகிறது. 216 உயிர்மெய்யையும் தனித்தனியாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை, 12உம் 18உம் சேர்வதுதான் என்று பிள்ளைக்கு விரலிலேயே விளங்குகிறது. தட்டிய 10 சொற்களையும் அன்றே நோட்டில், பார்க்காமல் எழுத வேண்டும்.

3. யார், எங்கே, ஏன் தவறுகிறார் என்று ஆசிரியர் அறிவார்

இது எனக்கான குறிக்கோள். ஒவ்வொரு பிள்ளையின் பிழைகளையும் கணினியில் அட்டவணையாக வைத்திருக்கிறேன். யாருக்கு ழகரம், யாருக்கு ஒற்று, யாருக்கு நெடில் என்று ஒரே பார்வையில் தெரியும். ஆனால் இது ரெக்கார்டிங் காரின் வரைபடம் மாதிரிதான். ஒரு பையன் நெடிலையெல்லாம் குறிலாக எழுதினான். பக்கத்தில் உட்கார்ந்து பேசிய பிறகுதான் தெரிந்தது, பலகை எழுத்து அவன் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. இப்போது கண்ணாடி போட்டிருக்கிறான். எந்த அட்டவணையும் எனக்கு அதைச் சொல்லவில்லை.

வீட்டில் பயிற்சி வேண்டுவோருக்கு, 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மழலைப் பாடங்கள் உதவும். கரும்பலகையால் ஆகிற காரியத்துக்குக் கணினி வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். புரொஜெக்டர் இப்போது மாதம் ஒருமுறைதான் எரிகிறது. வாங்கிக் கொடுத்த அன்பர் கோபிக்கக் கூடாது!

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பு முடிந்து வரும் பிள்ளையிடம், "இன்றைக்கு என்ன காட்டினார்கள்?" என்று கேட்காதீர்கள். "இன்றைக்கு என்ன எழுதினாய்? எழுதிக் காட்டு" என்று கேளுங்கள்.

அந்தப் பெண் சென்ற மாதம் ஆச்சிக்கு இன்லேண்ட் லெட்டரில் தன் கையால் எழுதினாள். தபாலில் போடுமுன் என்னிடம் காட்டினாள். பழம் சரி. வாழை சரி. கோழி மட்டும் "கோளி" ஆகியிருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கு அதுதான் பாடம்.